ஜெயவேலுவின் நடை

குரோம்பேட்டை ராதா நகரில் அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு திங்கட்கிழமை காலை, பத்து மணி வாக்கில். தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால் ஸ்கூட்டரை முனையிலேயே நிறுத்திவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே ஒரு மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

என் பெயர் தேவதர்ஷினி. பிசியோதெரபிஸ்ட். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு உடைந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள். எட்டு வருடமாக மனிதர்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பதால், முகம் மறந்தாலும் எனக்கு நடை மறக்காது.

கதவைத் திறந்தவர் காமு மாமி. அறுபதைத் தாண்டியவர், ஒல்லியானவர். தூக்கம் கெட்ட கண்கள்.

"வாங்கோ. பிசியோ நீங்கதானா? இத்தனை சின்னப் பொண்ணா இருக்கேளே."

ஹாலிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். அதில் அவர் கணவர் சூர்யநாராயணன். அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கையும் வலது காலும் விழுந்திருந்தன. பேச்சு அடியோடு போயிருந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போது அவர் கண்ணில் ஒரு வெட்கம் வரும்.

பையிலிருந்து ஒரு பலகையை எடுத்துத் தரையில் வைத்தேன்.

"இதென்ன, எடை பாக்கற மெஷினா?" என்றார் மாமி.

"வீடியோ கேம் மாமி. டிவியில மாட்டிக்கலாம். சார் இது மேல நின்னு இப்படி அப்படி சாய்ஞ்சா, டிவியில ஒரு பொம்மை அதே மாதிரி சாயும். யோகா இருக்கு, கயிறு மேல நடக்கறது இருக்கு. வெறும் எக்சர்சைஸ்னா ரெண்டே நாள்ல வெறுத்துப் போயிடும்."

"நாப்பது வருஷம் பசங்களை விளையாடாதேன்னு மிரட்டினவர்," என்றார் மாமி. "அவருக்கு வீடியோ கேமா?"

படுத்திருந்தவரின் இடது பக்க உதடு மட்டும் சிரித்தது. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதல் வாரம் நாற்காலியில் உட்கார வைத்துக் காலை மட்டும் பலகையில் வைத்தேன். இரண்டாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். திரையில் எடை வந்தது. ஐம்பத்தெட்டு கிலோ. பாரம் முழுவதும் இடது காலில். வலது கால் ஒப்புக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. போகப் போக வரும் என்றேன்.

வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஜெயவேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த கேம் என் அண்ணன் தீனாவுடையது. கல்யாணத்துக்குப் பிறகு பரணில் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். சாருக்கு முன்னால் அந்தப் பலகையில் நின்ற நோயாளி ஒருவர்தான். பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஜெயவேலு. நாற்பத்தேழு வயது, கனத்த உடம்பு, எண்பத்திரண்டு கிலோ. அவருக்கு விழுந்தது இடது பக்கம். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவேன். ஐந்து நிமிடம் தாமதமானாலும், "இன்னாமா டாக்டர், இவ்ளோ லேட்டு," என்பார். கயிறு விளையாட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் எண்ண மாட்டார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்டாப்பிங் பெயரைச் சொல்வார். "குரோம்பேட்டை. பல்லாவரம். பம்மல். அனகாபுத்தூர். குன்றத்தூர்." குன்றத்தூர் வந்தால் திரும்பி வருவார்.

இடது இடுப்பை மேலே தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் வீசி, கடைசியில் குதிகாலை ஒரு உதறு உதறி வைப்பார். அந்த உதறல் அவருடையது. வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

"பொங்கலுக்குள்ள நீங்களே நடந்து வாசலைத் தாண்டுவீங்கண்ணா," என்று சொல்லியிருந்தேன். மார்கழியில் எனக்குக் கேளம்பாக்கத்தில் ஒரு வேலை கிடைத்தது. பலகையை அவரிடமே விட்டுவிட்டு, யாராவது பிடித்துக்கொண்டால்தான் ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போகவில்லை. புது வேலை, தூரம், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று. தை பிறந்து நான்காம் நாள், பலகை மேல் தனியாக நின்றுகொண்டிருந்தவருக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்து, அங்கேயே விழுந்து இறந்துபோனார். பலகையை வாங்கப் போனபோது அவர் மனைவி ரத்தினபாய் என்னைத் திட்டவில்லை.

"நீ வருவேன்னுட்டு டெய்லி ஏழு மணிக்கு ஏறி நின்னுகினு இருந்தாரு டாக்டர்மா," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வேலையிலும் நான் ரொம்ப நாள் இருக்கவில்லை. விளையாட்டில் ஜெயவேலுவின் பெயரில் இருந்த பொம்மையை அழித்துவிட்டு, மறுபடி வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன்.

சாரின் வீட்டில் மூன்றாவது வாரம். வழக்கம்போல வாக்கரைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறினார். திரையில் எடை வந்தது.

எண்பத்திரண்டு.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாற்றினேன். எண்பத்திரண்டு. அவரை இறக்கிவிட்டு நான் ஏறிப் பார்த்தேன். ஐம்பத்திநான்கு, என் சரியான எடை. மறுபடி அவரை ஏற்றினேன். பலகையின் நடுப்பகுதி லேசாகக் கீழே வளைந்தது.

எண்பத்திரண்டு.

"தர்ஷினி, ஏதாவது செத்துக் கிடக்கா இங்க?" என்றார் மாமி, மூக்கைச் சுருக்கியபடி. "தோல் நாத்தம் மாதிரி வரதே. பத்தி ஏத்தியும் போகலை."

எனக்கும் வந்தது. ஊறவைத்த தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. ராதா நகரில் தோல் கிடங்கு எதுவும் இல்லை. ஜெயவேலுவின் வீட்டுக்குப் பின்சுவர்தான் ஒரு தோல் கிடங்கின் சுவர்.

அடுத்த நாள் பயிற்சிக்கு நடுவில் கரண்ட் போனது. டிவி அணைந்தது, மின்விசிறி நின்றது. பலகையின் நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது பேட்டரியில் ஓடுவது. "சார், இறங்கிடலாம்," என்று கை நீட்டினேன்.

அவர் இறங்கவில்லை.

அணைந்து கிடந்த திரையைப் பார்த்தபடி கயிறு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். வாக்கரிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். விழுந்துபோன வலது கால் தூக்கித் தூக்கி வைத்தது. நல்ல கால், அதாவது இடது கால், அரைவட்டம் வீசியது. கடைசியில் குதிகாலை உதறியது.

நீட்டிய கையை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மின்விசிறி நின்றிருந்ததால் அவர் மூச்சு கேட்டது. மூச்சு அல்ல. முணுமுணுப்பு.

"பல்லாவரம்."

ஒரு அடி.

"பம்மல்."

இன்னொரு அடி.

"அனகாபுத்தூர்."

சமையலறையிலிருந்து மாமி ஓடி வந்தார். "பேசறார். தர்ஷினி, அவர் பேசறார்," என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்ன பேசினார் என்று மாமி கேட்கவே இல்லை.

மறுநாள் வண்டியில் காற்று இறங்கி, பத்தேகாலுக்குத்தான் போனேன். சார் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கட்டிலிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், முழு வாயும் சிரித்தது.

"இன்னாமா டாக்டர், இவ்ளோ லேட்டு."

குரல் கரகரப்பாக, தொண்டைக்கு அடியிலிருந்து வந்தது. மாமி பின்னால் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

சாருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன். மூளையில் அடிபட்டால் சிலருக்குப் பேசும் தொனியே மாறிவிடுவது உண்டு, பயப்படாதே என்றார். அதை நம்பத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் நல்ல கால் நொண்டுவதற்கு அவரிடம் பதில் இல்லை. பலகை ரிப்பேர் என்று மாமியிடம் பொய் சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாளே மாமி கூப்பிட்டார். சாருக்கு வலது கால் மறுபடி விழுந்துவிட்டது, படுக்கையிலேயே எல்லாம், வாயைத் திறந்தால் காற்றுதான், அழுகிறார் என்றார். நான் நேரில் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயவேலு யார், எப்படிச் செத்தார், சாரின் இடது கால் யாருடைய காலைப் போல நடக்கிறது, எல்லாம்.

மாமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"எனக்கும் தெரியறது," என்றார். "டம்ளரைத் தூக்கிக் குடிக்கற மனுஷர். முப்பத்தொன்பது வருஷமா அப்படித்தான். இப்போ வாய் வச்சு உறிஞ்சறார். என்னைப் பாக்கறப்போ யாரோ ஒருத்தர் ஆத்து மனுஷியைப் பாக்கற மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கறார். எனக்குத் தெரியாதா."

"அப்புறம் எப்படி மாமி—"

"நடக்கறாரே, தர்ஷினி. ராத்திரி அவரைப் புரட்டிப் போடறதுக்கு எனக்குத் தெம்பு இல்லை. நான் விழுந்துட்டா ரெண்டு பேரையும் யார் தூக்குவா? பொண்ணு ஃபாரின்லேர்ந்து போன்லதான் அழுவா." தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். "அவர் நல்லவர்னு சொன்னேளே, அந்த ஜெயவேலு. நடந்தா நடந்துட்டுப் போகட்டும். நீங்க பலகையைக் கொண்டு வாங்கோ."

கட்டிலில் படுத்திருந்த சார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தூக்கி, வேண்டாம் என்பதுபோல ஆட்டினார். மாமி பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

பார்த்தும் கொண்டு போனேன். மாமிக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பாதி ஜெயவேலுவுக்காக. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவள் நான்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மணி ஏழேகால். மாமி போன்.

"தர்ஷினி, அவர் ஆத்துல எங்கயும் இல்லை. கதவு திறந்து கிடக்கு. ரயில் லைனைத் தாண்டிப் போனார்னு பால்காரர் சொல்றார்."

எங்கே போயிருப்பார் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாமியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பம்மலில் அந்தச் சந்துக்குள் திரும்பியதுமே தோல் வாடை அடித்தது. ஒரு விமானம் தலைக்கு மேல் தாழ்வாக இறங்கிப் போனது. அந்தச் சத்தம் அடங்கியதும் எதிரில் அந்த நடையைப் பார்த்தேன்.

வெள்ளை வேட்டி. முழங்கால் வரை புழுதி. செருப்பு இல்லை. இடது இடுப்பு தூக்கியது, கால் அரைவட்டம் வீசியது, குதிகால் உதறியது. ஒரு கதவு முன்னால் போய் நின்று, வாசல்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்.

நான் ஓடிப் போனபோது ரத்தினபாய் உள்ளே சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகத்தை அவள் பார்க்கவில்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தினம்," என்றார் சூர்யநாராயணன் சார். "தாண்டிட்டேன் பாத்தியா."

கரண்டி கீழே விழுந்தது. ஒரு அடி முன்னால் வந்தாள். அப்புறம் நிமிர்ந்து அந்தப் புது முகத்தைப் பார்த்தாள், சவரம் செய்த, சிவந்த, வயதான முகத்தை.

"சார்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எம் புருசன் செத்து ஏழு மாசம் ஆவுது. நானே தண்ணி ஊத்தி அனுப்பினேன். நீங்க உங்க வூட்டுக்குப் போங்க."

அவர் அசையவில்லை.

"போங்க சார். கால்ல வுழறேன்."

அப்போது அந்த முகம் மாறியது.

எப்படி என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. வாயின் வலது பக்கம் தொங்கிப்போனது. கண்ணில் அந்தப் பழைய வெட்கம் வந்தது, அதைவிட மேலாகப் பயம். வாத்தியார் என்னைத்தான் பார்த்தார். இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

பிறகு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. தானாக விடுவதுபோல இல்லை. யாரோ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவதுபோல. சுண்டு விரல் கடைசியாக விட்டது.

முகம் அமைதியானது.

"போலாம் டாக்டர்மா," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். ரத்தினபாய் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவது கேட்டது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க வலது கையைத்தான் தூக்கினார்.

அன்றைக்குப் பிறகு அவருக்குப் பலகை தேவைப்படவில்லை. இரண்டு காலும் நேராக நடந்தன. மாமி என்னை வர வேண்டாம் என்றார், அன்பாகத்தான். சேலையூரில் ஒரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் இருவரையும் காய்கறிக் கடையில் பார்த்தேன். பையை அவர் தூக்கிக்கொண்டிருந்தார். மாமி அவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் கூப்பிடவில்லை.

பலகையை உடைத்துக் காயலான் கடையில் போட்டேன். எல்லாம் முடிந்தது, ஒரு மனிதர் எழுந்து நடக்கிறார், அது போதும் என்று இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினபாய் போன் பண்ணினாள். அவள் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"டாக்டர்மா, எங்க வூட்டுக்குள்ள யாரோ கீறாங்க," என்றாள், கிசுகிசுப்பாக. "அந்த சார் வந்துட்டுப் போன நாள்லேர்ந்து."

"ஜெயவேலு அண்ணனா?"

"அவரு இல்ல. அவரு குரல் எனக்குத் தெரியாதா? இது யாரோ படிச்ச மனுசன் குரல். மெதுவா, பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாப்ல பேசுது. கதவாண்டதான் கேக்குது. ஒண்ணையேதான் சொல்லிகினு கீது."

"என்ன சொல்றாங்க?"

"ஆத்துக்குப் போணும், ஆத்துக்குப் போணும்னு. இங்க ஏதுமா ஆறு? அனகாபுத்தூரைத் தாண்டிப் போனாத்தான் அடையாறு. கோயில்ல கேட்டேன். யாரோ ஆத்துல வுழுந்து செத்தவங்க, அங்க இட்டுனு போயி வுட்டுருன்னு சொல்றாங்க. இன்னா பண்றதுன்னு தெரில."

அவள் மூச்சு மட்டும் போனில் இரைந்தது.

அந்த மூச்சுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு குரல் எனக்கும் கேட்டது. சூர்யநாராயணன் சார் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் குரலுக்கு என் பெயர் தெரிந்திருந்தது.

"தர்ஷினி," என்றது, ரொம்பப் பொறுமையாக. "என்னை ஆத்துக்கு அழைச்சுண்டு போ."